சுருக்கித் தரப்படும், சேதாரம் இல்லை

பூலாங்குடியிருப்பில் பெண்ணெடுக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்த ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் கடுகைக் காதில் வைத்துக் கேட்காமல் தாளிக்க மாட்டாள். எண்ணெய் காய்ந்து புகைந்தாலும் சரி, மாமியார் அடுப்படியில் நின்று முறைத்தாலும் சரி, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடி, நாதஸ்வரம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள். கட்டிக்கொண்டு போன இடத்திலும் இதைச் செய்யப் போய், பெண்ணுக்குக் கோட்டி பிடித்திருக்கிறது என்று மாமனாருக்குப் போன் போட்ட மாப்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உண்டு. கோட்டியும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. எல்லாம் பெருமாள் வீடியோஸ் ஞானவடிவு ஒரு கோபத்தில் எழுதி மாட்டிய போர்டினால் வந்தது.

ஞானவடிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய எதிர்வீட்டையும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற கரண்டு போஸ்ட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் இருந்தவர் அவளைப் பெற்ற அப்பா மாசானமுத்து. தாயில்லாப் பிள்ளையைத் தன் கையாலேயே தலை பின்னி, பூ வைத்து, வகிடு கோணினால் அவிழ்த்து மறுபடியும் பின்னி வளர்த்த மனுஷன். அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாண வீடுகளில் வீடியோ பிடிக்கிற அணைஞ்சபெருமாளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஊரப் பாக்குதவனுக்கு எம்பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவள் அண்ணன்தான் முன்னின்று அம்மன் கோயில் திடலில் பந்தல் போட்டு நடத்தி வைத்தான். அப்பா அன்றைக்கு விடியுமுன்னே பஸ் ஏறித் திருச்செந்தூருக்குக் கடலில் குளிக்கப் போய்விட்டதாக ஊரே பேசியது. அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அண்ணன் மட்டும் ஒரு தடவை, "பந்தல் ஓரத்துல அப்பாவப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று சொன்னான். அந்த 'மாதிரி'யை வைத்துக்கொண்டு வடிவு இருபத்தேழு வருஷம் ஓட்டினாள்.

"அவரு வந்திருந்தாருன்னா நானே போயி கால்ல விழுந்து பேசுவேன். வராத மனுசங்கிட்ட நா எதுக்குப் பேசணும்?" இது மகள். "என்னைய மீறிப் போனவதான் மொதல்ல பேசணும்." இது அப்பா. ஆனாலும் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா வீட்டுக்கு எதிர்வீட்டை வாடகைக்குப் பிடிக்கச் சொன்னது வடிவுதான். சண்டை போட்டாலும் முகம் தெரிகிற தூரத்தில் இருந்து போட வேண்டும் என்பது அவள் கட்சி. இரண்டு பேரும் நேரே பேசுவதில்லையே தவிர, போஸ்ட்டிடம் பேசுவார்கள். அவர் வாசலில் நின்று, "ஏ போஸ்ட்டு, நல்ல தண்ணி வந்திருக்காம், பிடிச்சாச்சா?" என்பார். இவள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று, "பிடிச்சாச்சுன்னு சொல்லு" என்பாள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி போஸ்ட்டின் அடியில் வைக்கப்பட்டுப் போஸ்ட்டின் அடியிலிருந்து எடுக்கப்படும். மின்வாரியத்திலிருந்து வந்து போஸ்ட்டை ஓரமாக மாற்றி நடுகிறோம் என்று சொன்னபோது இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், அதுவும் தனித்தனியாக.

சரி, கல்யாணத்துக்கு வந்தாரா இல்லையா என்று கல்யாண வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் கோளாறு. சுத்துப்பட்டில் உள்ள கல்யாணத்தையெல்லாம் பிடித்த பெருமாள், தன் கல்யாணத்தில் தானே மாப்பிள்ளையாக உட்கார வேண்டியிருந்ததால், காமிராவை மைக்செட் பால்துரை கையில் கொடுத்தார். பால்துரை நல்லவன். ஆனால் ஒரே ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய், சிக்னலில் நின்று, சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்பதைக் கசடறக் கற்றுக்கொண்டு வந்தவன். பொத்தானை அமுக்கினான், சிவப்பு எரிந்தது, ஓகோ நின்றுவிட்டது என்று காமிராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். தாலி கட்டுகிற நேரம் இன்னொரு தடவை அமுக்கினான், சிவப்பு அணைந்தது, ஆகா ஓடுகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடித்தான். இப்படியாக மாலை மாற்றியதும் தாலி ஏறியதும் கேசட்டில் ஏறவே இல்லை. நாற்பது நிமிஷத்துக்குத் தரையும் செருப்பும் வேட்டிக் கரையும் புடவைக் கரையும் மட்டும் ஏறியிருந்தன.

மூன்றாம் நாள் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து டெக்கில் போட்டு, ஐந்து நிமிஷம் தரையைப் பார்த்து, வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது வடிவு கேசட்டை உருவித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். "ஊர்ல உள்ளவன் கல்யாணத்துல முகத்தப் பிடிச்சீக, எங் கல்யாணத்துல காலப் பிடிச்சீக" என்று அவள் சொன்னது அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகி, கொஞ்ச நாள் அவரைக் 'கால்பிடிப் பெருமாள்' என்றார்கள். மிச்சத்தை அவள் பார்க்கவே இல்லை. அந்தக் கால்களுக்குள்ளே அப்பாவின் காலும் இருக்கலாமே என்று தோன்றியதே பிற்பாடுதான். தோன்றிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பார்க்காதவரை அவர் வந்திருக்கலாம். பார்த்து, இல்லையென்று ஆகிவிட்டால்?

இனி போர்டு விஷயம். வீட்டுக்கு வீடு செல்போன் வந்து, கேசட் போடுகிற டெக்கெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போய், கேசட்டுகளில் பூஞ்சை ஏற ஆரம்பித்த பிறகு, ஊர்ச்சனம் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பெருமாள் வீடியோஸுக்கு வந்தது. பெருமாளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஆகாது. வடிவுதான் கற்றுக்கொண்டாள். பழைய காமிராவில் கேசட்டைப் போட்டு, மஞ்சள் வெள்ளை சிவப்பு என்று மூன்று ஒயரைச் செருகி, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் பிடித்து வைப்பாள். ஒரு மணி நேரக் கல்யாணம் ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும், பதிமூன்று ஜிபி இடத்தை அடைக்கும். நாலு கல்யாணத்தில் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டி நின்றுவிடும். அதனால் சுருக்க வேண்டும். சுருக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் போய்விடும்.

உலகம்மாள் டீச்சரின் கல்யாணத்தை அப்படிச் சுருக்கிக் கொடுத்த மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து, குடையை மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டாள். "எங்க எம் மூக்கு?"

"டீச்சர், சின்னதாச் சுருக்கும்போது லேசா சேதாரம் ஆகத்தான் செய்யும்."

"நகைக்கடையிலேயே செய்கூலி இல்ல சேதாரம் இல்லங்கான். நீ எம் மூக்குல சேதாரம் போடுதியோ?"

வடிவுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி, 'பழைய கேசட் சுருக்கித் தரப்படும், சேதாரம் இல்லை' என்று எழுதி மாட்டிவிட்டாள். பெருமாள் போர்டை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "எப்படிட்டி வடிவு, சேதாரம் இல்லாம முடியும்?"

"போர்டு போட்டாச்சில்லா? இனி அது முடிஞ்சுதான் ஆகணும்."

மறுநாள் காலையில் டீச்சரின் கல்யாணத்தை மறுபடி பிடித்து வைத்து, சுருக்கச் சொன்னாள். எத்தனை சதவீதம் தரம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏ சவமே, எத்தன சதவீதமா? கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்பாக. அப்படிச் சுருக்கு பாப்போம்" என்று திட்டிவிட்டு, அடுப்பில் ரசம் கொதிக்கிறதே என்று உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது, சிடி போடுகிற தட்டு நாக்கை நீட்டியபடி வெளியே நின்றது, தட்டின் நடுவில் ஒரு கடுகு இருந்தது. தன் விரலில் ஒட்டியிருந்து விழுந்ததாக்கும் என்று அவள் அதை எடுத்துப்போய், வீணாக்குவானேன் என்று அஞ்சறைப்பெட்டியில் போட்டுவிட்டாள்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கத்தரிக்காய்க் கொத்சுக்குத் தாளித்தபோது எல்லாக் கடுகும் வெடித்ததுபோலத்தான் அதுவும் வெடித்தது. ஆனால் அதற்குள்ளிருந்து உலகம்மாள் டீச்சரின் கல்யாணம் வந்தது. முதலில் தவில், பிறகு நாதஸ்வரம், பிறகு மல்லிகைப்பூவும் வேர்வையும் பன்னீரும் கலந்த வாடை, பிறகு வாழைமரம், பந்தல், பட்டுப்பாவாடைப் பிள்ளைகள், இடுப்பில் துண்டு கட்டிய மனுஷர்கள். அடுப்படிச் சுவர்கள், கல்யாண வீட்டில் பெரியவர்கள் வந்தால் சிறுசுகள் ஒதுங்கி உட்காருவதுபோல, கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டன. வடிவு அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், டீச்சருக்கு ஆள் அனுப்பினாள். டீச்சர் குடையோடு வந்து, மணவறையில் குனிந்திருந்த தன்னையே சுற்றிச் சுற்றி நடந்து, மூக்கைப் பார்த்தாள். மூக்கு இருந்தது, மூக்குத்தியில் ஒட்டியிருந்த சந்தனம்கூட இருந்தது. முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பச்சப் பட்டு கட்டினவ யாரு வடிவு? அவளுக்குப் பத்திரிகையே வைக்கலியே."

அதற்குப் பிறகு கடையில் நிற்க இடமில்லை. கேசட் கொண்டுவந்தவர்கள் கடுகு வாங்கிக்கொண்டு போனார்கள். மோதிர டப்பாவில் வைத்தவர்கள் உண்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவர்கள் உண்டு, வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தை இடுப்பில் கட்டியவர்களும் உண்டு. துபாய்க்குப் போன ஒருத்தன் விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டவர்களிடம் கடுகு என்றான், அவர்களும் கடுகு என்றுதான் பார்த்தார்கள். ஒரு கடுகு ஒரு தடவைதான் வெடிக்கும், முழுக் கல்யாணமும் ஒரு சொட்டுக் குறையாமல் வரும், அப்புறம் வராது; கடுகாகிவிட்டால் கேசட்டிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றும் மிஞ்சாது. இதை வடிவு எல்லாரிடமும் சொல்லித்தான் கொடுத்தாள். ஆனாலும் வெடித்துப் பார்த்துவிட்டுப் போச்சே போச்சே என்று வந்தவர்களிடம் பெருமாள், "கல்யாணமும் ஒரு தடவதானே வே நடந்துச்சு, அப்ப யாருகிட்டப் போயிக் கேட்டீரு?" என்று வாயை அடைத்து அனுப்பினார்.

தெருவும் தனக்கென்று சில முறைமைகளை ஏற்படுத்திக்கொண்டது. ஒரு வீட்டில் கல்யாணம் வெடித்தால் தெருவில் உள்ளவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம். சுவரோரம் நிற்க வேண்டும், பந்தலுக்குள் போய் மறைக்கக் கூடாது. சாப்பாட்டு வாசம் மட்டும்தான் வரும், வயிறு நிறையாது, ஆகையால் வீட்டுக்காரர்கள் வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டும். சம்பந்தி சண்டையைத் தீர்க்கக் கல்யாணத்தை வெடிப்பதாக இருந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டில், தாய்மாமனுக்கு மாலை போடவில்லை என்று பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் கூடி வெடித்துப் பார்த்தார்கள். மாலை போட்டிருந்தது, அதைக் கழற்றி ஆட்டுக்குட்டிக்குப் போட்டு விளையாடியது தாய்மாமனேதான் என்றும் தெரிந்தது.

தவறுகளும் நடந்தன. ஒரு வீட்டில் கடுகு மாறிப் புளிக்குழம்பில் விழுந்து, பக்கத்துத் தெருப் போலீஸ்காரரின் காதுகுத்து நடுக் கூடத்தில் கிளம்பி, ஒரு வயதுப் போலீஸ்காரர் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து தெருவே அதிர அலறினார். யூனிபார்மோடு வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர், குத்தி முடிகிறவரை தன் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் மகளிர் குழுவில் கூடிப் பேசி, தாளிக்குமுன் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வெறும் கடுகு சும்மா இருக்கும். கல்யாணக் கடுகுக்குள் நாதஸ்வரம், கொசு பாடுகிற அளவுக்குக் கேட்கும்.

ஊரெல்லாம் இப்படி வெடித்துக்கொண்டிருக்க, தகரப் பெட்டியில் கிடந்த தன் கேசட்டை மட்டும் வடிவு தொடவில்லை. பெருமாள் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். "தரையச் சுருக்கி என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஒரு புதன்கிழமை காலையில் மாசானமுத்து வாசலுக்கு வந்து, தொண்டையைக் கனைத்து, போஸ்ட்டைப் பார்த்துச் சொன்னார். "ஏ போஸ்ட்டு, வெள்ளிக்கிழம கோயமுத்தூர்லருந்து மவன் கார் கொண்டாரான். எனக்கு எம்பத்திரண்டு ஆச்சாம், தனியா இருக்கக் கூடாதாம். அங்கேயே வந்து இருக்கச் சொல்லுதான். வீட்டச் சாத்திக்கிட்டுப் போறேன்."

வடிவு கோலத்தில் ஒரு புள்ளியைத் தப்பாக வைத்தாள். கிண்ணத்தைப் போஸ்ட்டின் அடியிலேயே விட்டுவிட்டாள். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். கேசட்டின் பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து, காமிராவில் போட்டு, மானிட்டர் மேல் துண்டைப் போட்டு மூடி, பார்க்காமலேயே நாற்பது நிமிஷத்தையும் பிடித்து வைத்தாள். சுருக்கினாள். தட்டு வெளியே வந்தது. கடுகு இருந்தது. காதில் வைத்துக் கேட்டாள், நாதஸ்வரத்தோடு சரக் சரக் என்று செருப்புச் சத்தமும் கேட்டது.

அன்று முழுக்க அந்தக் கடுகைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வியாழக்கிழமை காலையில் பெருமாள் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வடிவு, பயமா இருக்காட்டி?"

"இருக்கு. இத வெடிக்காம வச்சிருந்தா அப்பா வந்திருந்தாருன்னு நெனச்சுக்கிட்டே செத்துப்போவேன். வெடிச்சு அவரு இல்லேன்னா, நாளைக்கு அவரு கார்ல ஏறும்போது நா வாசலுக்கே வர மாட்டேன். அது எனக்குத் தெரியும்."

"இருந்தாருன்னா?"

அவள் எழுந்து போய் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றினாள்.

எண்ணெய் மணத்துக்கே தெரு கூடிவிட்டது. உலகம்மாள் டீச்சர் வந்தாள், காதைத் தடவிக்கொண்டே போலீஸ்காரர் வந்தார், தலை நரைத்துத் தொப்பை விழுந்த பால்துரை குற்றவாளி மாதிரி கடைசியில் வந்தான். கடுகு வெடித்தது. சுவர்கள் தள்ளி நின்றன. ஆனால் இந்தக் கல்யாணம் மற்றக் கல்யாணம் மாதிரி நெடுநெடுவென்று எழும்பவில்லை, தொங்கப்போட்ட காமிராவின் உயரத்துக்கு, முழங்காலளவுக்குத்தான் எழும்பியது. அதற்கு மேலே சும்மா வீட்டுக் கூரை. பார்க்க வேண்டுமானால் குந்த வேண்டியிருந்தது. தெருவே குந்தியது. போலீஸ்காரரும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு குந்தினார்.

எத்தனை கால்கள்! மருதாணிக் கால், மெட்டிக் கால், ஓடிவந்து சறுக்குகிற பிள்ளைக் கால், புதுச் செருப்புக் கடித்து நொண்டுகிற கால். அது என் அத்தை கால், இது எங்க சித்தப்பா கால் என்று தெருவே உறவு கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, பந்தல் வாசலில் கட்டிய வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி டயர் செருப்பு வந்து நின்றது. நின்றது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. மூன்றாவது தடவை உள்ளே வந்தது. வடிவு இன்னும் தாழக் குனிந்தாள். அப்பாவுக்கு இடது கால் சுண்டுவிரல், சின்ன வயசில் மாடு மிதித்து, பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அது தெரிந்தால் போதும். ஆனால் கூட்டம் மறைத்தது, புழுதி மறைத்தது, யாரோ சிந்திய ரோஜாப்பூ மறைத்தது.

கடைசிப் பந்தி வந்தது. பால்துரை காமிராவைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்ததால், வரிசையாகச் சாப்பிடுகிறவர்களின் கால்கள் அசையாமல் தெரிந்தன. எதிர்வரிசைக் கடைசியில் அந்த டயர் செருப்புக் கால். வலது கால் நன்றாகத் தெரிந்தது. இடது காலின் மேல் ஒரு செவலை நாய் சுகமாகப் படுத்திருந்தது.

"எந்திரி சவமே" என்றாள் வடிவு. "எந்திரிக்குதா பாரு. ச்சூ! ச்சூ! போ!" தெருவே சேர்ந்து, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் படுத்திருந்த அந்த நாயைக் கைதட்டியும் நாக்கைச் சப்புக்கொட்டியும் விரட்டியது. போலீஸ்காரர் லத்தியைத் தரையில் தட்டினார். நாய் ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் அணைத்துப் படுத்துக்கொண்டது. அப்படியே கேசட் முடிந்தது. சுவர்கள் பழைய இடத்துக்கு வந்தன.

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருந்த ஒரே கடுகும் போய்விட்டது, வந்தாரா என்பதும் தெரியவில்லை. அழக்கூட வரவில்லை அவளுக்கு. "அது சுடலக்கண்ணு காலாட்டும்" என்றார் ஒருத்தர். "டயர் செருப்பு ஊர்ல யாருக்குத்தான் இல்ல அப்போ" என்றார் இன்னொருத்தர். என்ன பேசுவது என்று தெரியாத பால்துரை, கடைசிப் பந்தியின் வாசம் மட்டும் இன்னும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததை மூக்கை விரித்து இழுத்து, "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துச் சாம்பார் சாம்பார்தான். என்ன மணம் பாத்தியளா!" என்றான்.

"மணம் என்னடே மணம்? உப்பே கிடையாது."

குரல் வெளியிலிருந்து வந்தது. போஸ்ட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எல்லார் தலைக்கும் மேலாகத் திறந்த கதவு வழியே பார்த்தபடி மாசானமுத்து நின்றார்.

பால்துரை வாயைப் பிளந்தான். ஏனென்றால் அன்றைக்குச் சமைத்த தவசுப்பிள்ளை கடைசி அண்டாச் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தது, அந்தப் பந்தியில் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் பேச்சாகிவிடும் என்று பெண்ணின் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதால் அத்தனை பேரும் வெளியே மூச்சு விடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். பால்துரை மட்டும் சத்தியத்தை மீறி ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தான். அந்த ஒருத்தி ஞானவடிவு.

வடிவு எழுந்து வாசலுக்கு வந்தாள். போஸ்ட்டைப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னீக?"

மாசானமுத்து போஸ்ட்டைப் பார்த்தார். அது ஒன்றும் உதவுகிற மாதிரி தெரியவில்லை. அவர் மகளைப் பார்த்தார்.

"உப்பில்லட்டி வடிவு. ஒரு கல்லு உப்பு இல்ல. தலையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு மூணு தடவ வாங்கி ஊத்திக்கிட்டேன், ஒங்கண்ணன் வாறதுக்குள்ள கைகழுவிட்டுப் போயிட்டேன். எம்பிள்ள கல்யாணச் சாப்பாட்டுல நானே கொறை சொல்லலாமா? வாயத் தொறந்தா அதுதான் மொதல்ல வரும்னு மூடிக்கிட்டேன். மூடின வாய அப்புறம் எப்பத் தொறக்கன்னு தெரியல."

"திருச்செந்தூர்னு சொன்னீக?"

"பஸ்ஸு ஏறினேன். குரும்பூர்ல எறங்கித் திரும்பிட்டேன்." அவர் இடது காலை லேசாக முன்னே நகர்த்தினார். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. "அந்த நாய் எந்திரிச்சிருந்தா முத வாயிலேயே நானும் எந்திரிச்சுப் போயிருப்பேன். நல்ல வேள, விடல."

வடிவு தெருவென்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். குனிந்து காலைத் தொட்டபோது அவர், "வகிடு கோணியிருக்குட்டி" என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்கப்பா. சாம்பார் வச்சிருக்கேன், உப்பு போட்டு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

இருபத்தேழு வருஷத்தில் முதல்தடவையாக மாசானமுத்து அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார். பெருமாள் சத்தம் போடாமல் போய்ப் பழைய காமிராவில் புதுக் கேசட்டைப் போட்டுத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடினார். பால்துரை பதறிப்போய், "ஏல பெருமாளு, சிவப்பு எரியுது, நின்னுட்டுடே!" என்று கத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாசானமுத்துவுக்கே சிரிப்பில் புரையேறிவிட்டது. வடிவு தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். நேரே கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கார் கொண்டுவந்தான். போகாமல் இங்கேயே இருக்கலாமே என்று வடிவு கேட்காமல் இல்லை. "அவனும் பிள்ளதானேட்டி. பொங்கலுக்கு வந்திருதேன்" என்றார். முந்தின நாள் சாப்பாட்டை அவள் காலையிலேயே பிடித்துச் சுருக்கி வைத்திருந்தாள். புதுக் கடுகை அவர் கையில் வைத்தபோது அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். நாதஸ்வரம் இல்லை. ஒரு கிழவன் புரையேறி இருமுகிற சத்தமும், ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் கேட்டது. வேட்டி முனையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

"வெடிச்சிராதீங்கப்பா. ஒரு தடவதான்."

"எதுக்குட்டி வெடிக்கேன்? உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியுமே."

காரில் ஒரு காலை வைத்தவர் ஏதோ மறந்ததுபோல இறங்கி, போஸ்ட்டிடம் போனார். அதன் மேல் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸ் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். வடிவு பக்கத்தில்தான், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள்.

"ஏ போஸ்ட்டு," என்றார். "எம்பிள்ளையப் பாத்துக்க."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு போஸ்ட்டின் பக்கம் திரும்பினாள்.

"சரின்னு சொல்லு" என்றாள்.